முன்கண்ணாடியில் ஒட்டிய கடிகாரம்

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வழி சொன்ன சின்னப் பெட்டிகளை இப்போது அதிகம் பார்க்க முடிவதில்லை. 2004-இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த டாம்டாம் நிறுவனம் 'கோ' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கார்மின் நிறுவனம் 'நூவி' வரிசையை இறக்கியது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பண்டிகைக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் பொருளாகவே இது ஆகிவிட்டது. வாங்கியவர்கள் கொண்டாடவும் செய்தார்கள், திட்டவும் செய்தார்கள். காலையில் வண்டியை எடுத்தால் இடம் காட்ட நேரமாகிறது. ஸ்பீடாமீட்டர் 100 என்றால் பெட்டி 94 என்கிறது. மேம்பாலத்தின் மேலே போனால் கீழே போவதாக நினைத்துக்கொள்கிறது. போன வருடம் போட்ட சாலை அதற்குத் தெரியவே இல்லை.

இந்தப் புகார்கள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றில்லை. சிலவற்றில் பெட்டி சொல்வது சரி, காரின் முள்தான் தவறு. சிலவற்றில் இயற்பியல் போட்ட எல்லைக்கோட்டில் பெட்டி முட்டி நிற்கிறது. மீதியில் வரைபடம் தயாரித்தவர்கள் எதையோ விட்டுவிட்டார்கள். எது எந்த வகை என்று தெரிந்தவர் பெட்டியை எங்கே நம்பலாம், எங்கே கண்ணைத் திறந்து வெளியே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். அதற்கு முதலில் மேலேயிருந்து என்ன வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

மேலேயிருந்து வருவது நேரம். வேறு பெரிதாக எதுவும் இல்லை. செயற்கைக்கோள் நம் காரைப் பார்ப்பதில்லை, சாலையைப் பார்ப்பதில்லை, நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில், ஆறு சுற்றுத்தளங்களில், நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. முதலாவது 1978-இல் ஏவப்பட்டது. 24 இருந்தால் போதும் என்று திட்டமிட்ட அமைப்பில் இப்போது 30-ஐ ஒட்டி இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உண்டு. "நான் இன்னார், என் கடிகாரத்தில் மணி இது, என் பாதை இது" என்று மூன்று செய்திகளை அவை இரவும் பகலும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. பெட்டி அதைக் கேட்கிறது. பதில் சொல்வதில்லை, சொல்ல அதனிடம் கருவியும் இல்லை.

அந்த அலை பூமிக்கு வந்துசேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு பிடிக்கும், சற்று முன்பின்னாக. அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். இங்கேதான் சிக்கல். ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கி.மீ. போவதால், கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். பெட்டிக்குள் இருப்பதோ கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மலிவான குவார்ட்ஸ் படிகம். அணுக்கடிகாரத்தை முன்கண்ணாடியில் ஒட்ட முடியாது.

இதற்குக் கண்ட வழி அழகானது. இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: குறுக்கு, நெடுக்கு, உயரம். அதோடு 'என் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது' என்பதை நான்காவது தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு, நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து நான்கு சமன்பாடுகளைப் பெட்டி போடுகிறது. விடையில் இடமும் வந்துவிடும், கடிகாரப் பிழையும் வந்துவிடும். ஆக, 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று காட்டும் ஒவ்வொரு முறையும் அந்த மலிவுப் பெட்டி தன் கடிகாரத்தையும் அணுக்கடிகாரத்துக்கு ஈடாகத் திருத்திக்கொள்கிறது. பெட்டி வாங்கிய எத்தனையோ பேர் வீட்டிலுள்ள மிகத் துல்லியமான கடிகாரம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஐன்ஸ்டைனும் இந்தக் கணக்கில் வருகிறார். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோவிநாடி முந்துகிறது. வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோவிநாடி பிந்துகிறது. மிச்சம் 38. தூரக் கணக்கில் அது நாளுக்கு 11 கி.மீ. பிழை. அதனால் கடிகாரத்தைத் தரையில் வைத்திருக்கும்போதே துளி மெதுவாக ஓடும்படி அமைத்துத்தான் ஏவுகிறார்கள். சார்பியல் கோட்பாட்டை அன்றாடம் பயன்படுத்துகிற வீட்டுப் பொருள் எது என்று மாணவர்கள் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இனி முதல் புகார்: காலை நேரக் காத்திருப்பு.

பெட்டியை எடுத்ததும் 'செயற்கைக்கோள்களைத் தேடுகிறது' என்று திரையில் வரும். பல நூவிகளில் சமிக்ஞைப் பட்டைச் சின்னத்தைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வேறொரு பக்கம் திறக்கும். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சிதறிய எண்கள், கீழே எண்ணுக்கு ஒன்றாகச் சில பட்டைகள். முதலில் ஒரு பட்டை வெறும் கோடாக எழும்பும், உள்ளே நிறம் இருக்காது. அரை நிமிடம் கழித்து அதற்குள் நிறம் நிரம்பும். அடுத்தது எழும்பி, பாதியில் சரிந்து, மறுபடி எழும்பும். நான்கு பட்டைகள் நிரம்பியதும் வரைபடம் வந்துவிடும். இந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத் தாமதம் ஏன் என்று பாதி புரிந்திருக்கும். வெறும் பட்டை என்றால் செயற்கைக்கோள் காதில் விழுந்துவிட்டது என்று பொருள். நிறம் என்றால் அதன் பாதை விவரம் முழுதாக வந்துசேர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்த விவரம் வரும் வேகம் விநாடிக்கு 50 பிட். 1970-களில் வகுத்த வேகம் அது. ஒரு முழுச் செய்தி 1,500 பிட், ஆகவே 30 விநாடி. நடுவில் ஒரு மரக்கிளையோ லாரியோ மறைத்துச் சில பிட்டுகள் போய்விட்டால், அந்தப் பகுதி திரும்ப வரும் வரை இன்னொரு 30 விநாடி காத்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துப் பிறகு புறப்பட்டால் இடம் சீக்கிரம் கிடைக்கும், ஓட்டிக்கொண்டே தேடவிட்டால் தாமதமாகும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஒரு முறை வாங்கிய பாதை விவரம் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். மதிய உணவுக்கு நிறுத்தி மறுபடி கிளம்பினால் உடனே இடம் தெரிகிற பெட்டி, மறுநாள் காலையில் தடுமாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கைப்பேசி இதே விவரத்தைச் செல்பேசி வலையமைப்பு வழியாகக் கணத்தில் வாங்கிக்கொள்கிறது. அதன் வேகத்துக்கு அதுதான் ரகசியம்.

அலை வந்துசேரும்போது எவ்வளவு நலிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு பங்குதான் ஏரியலில் விழுகிறது. ஏரியலின் சொந்த வெப்ப இரைச்சல் அதைவிடச் சுமார் நூறு மடங்கு பலமானது. இரைச்சலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றை எப்படிக் கேட்பது? ஊர்த் திருவிழாவின் கூச்சலில் எங்கோ தூரத்து ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டு, அதை மனப்பாடமாக அறிந்தவர் காதுக்கு மட்டும் அடியடியாகப் பிடிபடும். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துடிப்புகள் கொண்ட தனி வரிசை உண்டு. ஒரு விநாடியில் ஆயிரம் முறை அது திரும்பத் திரும்ப வரும். பெட்டி அந்த வரிசையைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, வரும் இரைச்சலோடு முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. சரியான இடத்தில் பொருந்தியதும் அலை மேலே எழுகிறது. எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதுதான் தாமதம்.

இந்தப் பொருத்தலை ஒன்றன் பின் ஒன்றாகச் செய்த பழைய கருவிகளுக்கு நேரம் பிடித்தது. 2000-களின் நடுவில் வந்த சர்ஃப்ஸ்டார்-3 என்ற சில்லு இரண்டு லட்சம் பொருத்தல்களை ஒரே சமயத்தில் செய்யவல்லது. கட்டடங்களுக்கு நடுவிலும் மரநிழலிலும் அதற்குக் காது கேட்டது. கையடக்கப் பெட்டி எல்லோர் வீட்டுக்கும் போனதில் அந்தச் சில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் முன்னால் ஓர் அரசியல் முடிவு தேவைப்பட்டது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது, 100 மீட்டர் வரை தவறாகக் காட்டும்படி. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவால் அது நின்றது. எந்தத் தெருவில் திரும்புவது என்று ஒரு கருவி நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு வகைக் கார்களில் மட்டும் எந்தச் சில்லும் உதவவில்லை. வெயிலைத் தடுக்கவும் பனியை உருக்கவும் முன்கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு பூசியிருப்பார்கள். ஏற்கெனவே நலிந்த அலைக்கு அது சுவர் போல. பெட்டி கெட்டுவிட்டது என்று மாற்றி வாங்கியவர்கள் புதியதிலும் அதே தொல்லையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிகளில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சிறு பகுதி விட்டிருப்பார்கள். பெட்டியை அங்கே நகர்த்தினால் போதும், இல்லையென்றால் வெளி ஏரியல் வைக்க வேண்டும்.

வேகம் பற்றிய புகாரில் பெட்டிதான் ஜெயிக்கிறது. நெடுஞ்சாலையில் முள் 100-இல் நிற்க, பெட்டி 94 என்று காட்டினால், அநேகமாக 94 தான் உண்மை. கார் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி வேகம் சொல்கிறது. புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் சுற்றளவு வேறு. தேய்ந்த டயர் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், முள்ளும் கூடுதலாகக் காட்டும். அதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதிமுறை 39-இன்படி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதோடு மணிக்கு 4 கி.மீ.யும் வரை. எந்த டயர் மாட்டினாலும் விதியை மீறாமலிருக்க, கார் தயாரிப்பாளர்கள் முள்ளைச் சற்றே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

பெட்டி வேகத்தை எப்படி அறிகிறது? இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட நுட்பமான வழி இருக்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி ஏறிக் கேட்கும் அதே டாப்ளர் விளைவு இந்த ரேடியோ அலையிலும் நிகழ்கிறது. செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 4 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதன் ஓட்டத்தால் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை எவ்வளவு நகர வேண்டும் என்று பெட்டிக்குக் கணக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிகிற சிறு நகர்வு நம் காரின் ஓட்டம். அலைநீளம் 19 செ.மீ. மட்டுமே என்பதால் மிகச் சிறிய அசைவும் பிடிபடுகிறது. நேரான சாலையில், சீரான ஓட்டத்தில், திறந்த வானத்தின் கீழ் பிழை மணிக்கு ஒரு கி.மீ.கூட இருக்காது. சட்டென்று பிரேக் பிடிக்கும்போது மட்டும் திரையில் எண் ஒரு கணம் பிந்தி இறங்கும். இடத்தைக் காட்டுவதைவிட வேகத்தைக் காட்டுவதில் இந்தப் பெட்டி கெட்டி.

இடம் என்று வரும்போது நல்ல நிலையிலும் ஐந்து பத்து மீட்டர் பிசகு உண்டு. மன்ஹாட்டன் போன்ற இடங்களில், கட்டடக் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பிய அலை நேராக வந்த அலையைவிட நீண்ட பாதையில் வருகிறது. பெட்டி அந்த நீளத்தையும் தூரமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, நம்மை அடுத்த தெருவுக்குத் தூக்கிப் போட்டுவிடும். சிகாகோவின் வாக்கர் டிரைவ் மேல்தளமும் கீழ்த்தளமுமாக அடுக்கிய சாலை. கீழ்த்தளத்தில் நுழைந்தால் வானமே இல்லை, பெட்டி மௌனமாகிவிடும். சிறிது தூரம் பழைய வேகத்தை வைத்து அம்புக்குறியை அது நகர்த்திக் காட்டலாம். அது வெறும் ஊகம்.

மேம்பாலப் பிரச்சினை இன்னும் அடிப்படையானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன, காலடியில் ஒன்றும் இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொன்று இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது சரிக்கட்டும். உயரத்தில் அப்படிச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் கிடையாது. ஆகவே உயரக் கணக்கில் பிழை எப்போதும் அதிகம். ஒரு மேம்பாலத்தின் உயரமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது செயற்கைக்கோள் தரும் தகவலால் தீருகிற கேள்வி இல்லை. 'பாலத்தில் ஏறு' என்று நானே சொன்னேன், ஆகவே ஏறியிருப்பார் என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. சர்வீஸ் ரோட்டில் போனாலும் இதே கதை. அடுத்த திருப்பத்தில் நாம் வேறு பக்கம் ஒடித்த பிறகுதான் 'ரீகால்குலேட்டிங்' என்று அது விழித்துக்கொள்ளும்.

திரையில் அம்புக்குறி சாலையின் நடுவிலேயே வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று நம்பிவிடுகிறோம். அந்த அம்புக்குறி சாலையோடு ஒட்டவைக்கப்பட்டது. கார் சாலையில்தான் போகும் என்ற அனுமானத்தில், கணக்கிட்ட புள்ளிக்குப் பக்கத்திலுள்ள சாலையில் கொண்டுபோய் அதைப் பொருத்துகிறது மென்பொருள். இந்த உத்தி காருக்குள் ஜிபிஎஸ் வருவதற்கு முந்தியது. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஈடாக் என்ற நிறுவனம் விற்ற கருவிக்குச் செயற்கைக்கோளே கிடையாது. சக்கரச் சுற்றுகளை எண்ணியது, திசைகாட்டியைப் பார்த்தது, கேசட் நாடாவில் பதித்த வரைபடத்தோடு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒப்பிட்டுத் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. அதை வடிவமைத்தவர்களின் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தப் பிழைகளின் வரிசையில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி அத்தியாயம் உண்டு, அது தரையில் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிப் போகிறது. பக்கத்துக் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தப் பகுதியில் வெயில் சாய்ந்த பிறகு மேலே அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பி விரிகின்றன. அவற்றைக் கடந்துவரும் ஜிபிஎஸ் அலை நட்சத்திரம் போல மினுக்கும், சில சமயம் அறுந்தே போகும். சூரியனின் செயல்பாடு உச்சத்திலிருக்கும் ஆண்டுகளில், இரவும் பகலும் சமமாக வரும் மாதங்களையொட்டி இது அதிகம். அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துவதால் வரும் பிழையைத் திருத்த, செயற்கைக்கோள் எட்டு எண்களை அனுப்புகிறது. உலகம் முழுமைக்குமான அந்தத் திருத்தம் பிழையில் ஏறக்குறையப் பாதியைத்தான் நீக்கும். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் ககன் அமைப்பை உருவாக்கியபோது, நம் வானத்துக்கென்று தனிக் கணக்கு போட வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு வந்த சாதாரணக் கார்ப் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. இரவு எட்டு மணி வாக்கில் ஒன்றிரண்டு பட்டைகள் காரணமில்லாமல் விழுந்து எழுந்தால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இடத்தை அறிவதும் வழியை அறிவதும் எவ்வளவு வேறு என்பதை நான் மதுரையில் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அத்தான் தன் காரிலிருந்த பெட்டியைக் கையோடு எடுத்துவந்திருந்தார். மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுக் காபி குடித்து முடித்தும் அது தேடிக்கொண்டே இருந்தது. கடைசியாகப் பார்த்த இடம் நியூ ஜெர்சி என்று அதன் நினைவில் இருந்ததால், அங்கே தலைக்கு மேல் இருக்க வேண்டிய செயற்கைக்கோள்களை நம் வானத்தில் தேடியிருக்கிறது. பிறகு பிடித்துக்கொண்டது. வடக்கு 9.9 டிகிரி, கிழக்கு 78.1 டிகிரி. அப்பழுக்கில்லாத மதுரை. அழகர்கோயில் சாலையில் காரில் வைத்துக்கொண்டு போனோம். வேகம் சரி, திசை சரி, நேரம் சரி, அம்புக்குறி வளைவுக்கு வளைவு திரும்பியது. சுற்றிலும் திரை காலி. ஒரு சாலை இல்லை, ஓர் ஊர்ப் பெயர் இல்லை. "எங்க இருக்கோம்னு தெரியுதுடா, எங்க போறதுன்னு தெரியல" என்றார் அத்தான். பெட்டியின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வானத்துச் சமிக்ஞை உலகம் முழுவதுக்கும் இலவசம். சாலைகளை யாராவது வண்டியில் சுற்றி, பதிவுசெய்து, விற்க வேண்டும்.

அந்தச் சுற்றலைப் பெருமளவில் செய்தவை இரண்டு நிறுவனங்கள்: அமெரிக்காவின் நேவ்டெக், நெதர்லாந்தின் டெலி அட்லஸ். இந்தியச் சாலைகளை மேப்மைஇந்தியா பதிவுசெய்தது. நேவ்டெக்கை நோக்கியாவும் டெலி அட்லஸை டாம்டாமும் 2008-இல் வாங்கின, இரண்டுமே பல நூறு கோடி டாலர் விலையில். பெட்டியின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த விலையே சாட்சி. ஆனால் வரைபடம் அச்சான நாளிலிருந்தே பழசாகத் தொடங்கிவிடும். வருடந்தோறும் காசு கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அல்லது 'வாழ்நாள் வரைபடம்' என்று சேர்த்து விற்ற பெட்டியை வாங்க வேண்டும். வாழ்நாள் என்றால் வாங்கியவரின் வாழ்நாள் இல்லை, அந்த மாடலுக்கு நிறுவனம் வரைபடம் தரும் காலம் வரை. போதாக்குறைக்கு, ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போன வரைபடம் ஒரு கட்டத்தில் பெட்டியின் நினைவகத்துக்குள் அடங்காமல், தனி மெமரி கார்டு போட வேண்டிவந்தது. நியாயமான கோபம் அது.

வரைபடத்தின் தவறு உயிரையும் வாங்கும். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் கோடை வெப்பம் 50 டிகிரியைத் தொடும். எப்போதோ கைவிடப்பட்ட பாதைகள் பெட்டிகளின் வரைபடத்தில் ஓட்டத்தக்க சாலைகளாகவே இருந்தன. அவற்றை நம்பிப் போய் மணலில் சிக்கி இறந்தவர்கள் உண்டு. தொலைவான இடங்களுக்கு ஜிபிஎஸ் காட்டும் வழியை மட்டும் நம்பாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. பிரிட்டனில் காருக்கான பெட்டியை லாரியில் வைத்துக்கொண்டு கிராமத்துச் சந்துகளில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். சந்தின் அகலமும் பாலத்தின் உயரமும் அந்தப் பெட்டியின் கணக்கிலேயே இல்லை. வண்டியின் உயரம், எடை, நீளம் மூன்றையும் முதலில் கேட்கும் லாரிப் பெட்டிகள் பிறகு தனியாக வந்தன. இந்த விபத்துகளில் செயற்கைக்கோள்கள் இடத்தைச் சரியாகத்தான் சொன்னன.

வழி தேடும் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை 1956-இல் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா யோசித்தார், ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையின் வெளித்திண்ணையில் உட்கார்ந்து, தாள் பென்சில் இல்லாமல், இருபது நிமிடத்தில். டாம்டாம் பிறந்ததும் அதே ஊரில். ஒரு நாட்டின் எல்லாச் சந்துகளையும் அந்த முறைப்படி அலச அன்றைய பெட்டியின் செயலிக்குத் தெம்பில்லை. ஆகவே பெரிய சாலைகளை முதலில் பார், சந்துகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பார் என்று குறுக்குவழி வைத்தார்கள். உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த நல்ல வழியை விட்டுவிட்டுச் சுற்றி நெடுஞ்சாலைக்கே இழுத்துப்போகிறது என்ற புகாருக்கு மூலம் இதுதான்.

போய்ச்சேரும் நேரத்தை ஆரம்பகாலப் பெட்டிகள் சாலையின் வகையை வைத்து மட்டும் ஊகித்தன, எப்போதும் நம்பிக்கை மிகுந்த ஊகமாக. 2008-இல் டாம்டாம், வாடிக்கையாளர்களின் பெட்டிகளில் பதிவான உண்மையான வேகங்களைத் தொகுத்துக் கணக்கிடத் தொடங்கியது. கணிப்பு மேம்பட்டது. இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பெயர் நீக்கித் தொகுத்த அந்த வேகத் தரவை நெதர்லாந்துக் காவல்துறை, எங்கே வேகக் கேமரா வைக்கலாம் என்று தீர்மானிக்கப் பயன்படுத்தியது 2011-இல் வெளியே வந்தது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை என்று மேலே சொன்னேன். பார்க்கிற வேலை எல்லாம் பூமியில்தான் நடக்கிறது.

2009 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு இலவசமாக வழிகாட்டும் வசதியை அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சரிந்தன. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெட்டியை விடாதவர்கள் இருக்கிறார்கள். செல்பேசிக் கோபுரம் இல்லாத மலைப்பாதையிலும் முழு வரைபடமும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அழைப்பு வந்தால் திரை மறைவதில்லை. லாரிக்காரர்களுக்கு அதுவே தொழில் கருவி.

பழைய பெட்டிகளுக்கு 2019-இல் ஒரு சோதனை வந்தது. ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாகத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட், அதாவது 0 முதல் 1,023 வரை. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்பியது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் மறுமுறை திரும்பியது. மென்பொருளைப் புதுப்பிக்காத பெட்டிகள் சில இருபது ஆண்டு பின்னே போய் 1999 என்று தேதி காட்டின. பெட்டி தயாரித்த நிறுவனங்கள் முன்கூட்டியே புதுப்பிப்புகளை வெளியிட்டிருந்தன. அடுத்த திரும்பல் 2038 நவம்பரில். புதிய வகைச் சமிக்ஞைகளில் வார எண்ணுக்கு 13 பிட் கொடுத்திருக்கிறார்கள், அது 157 ஆண்டுகளுக்குத் தாங்கும்.

உங்கள் மேசை இழுப்பறையில் அப்படியொரு பெட்டி கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முதலில் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டில் வருடக்கணக்கில் வெந்த லித்தியம் பேட்டரி வீங்கியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அதோடு வந்த கார் சார்ஜரையே பயன்படுத்துங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளைச் செருகினால் சில பெட்டிகள் கணினியோடு இணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வரைபடத்தைக் காட்டாது. மொட்டைமாடியில், நான்கு பக்கமும் வானம் தெரியும் இடத்தில் கால் மணி நேரம் விடுங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களின் கால அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும். தேதி தவறாக இருந்தால் நிறுவனத்தின் தளத்தில் புதுப்பிப்பு கிடைக்கிறதா என்று தேடலாம். கிடைக்காவிட்டாலும் பல பெட்டிகளில் இடமும் வேகமும் சரியாகவே வரும். புதிய புறவழிச்சாலையில் போகும்போது அம்புக்குறி வயலுக்குள் ஓடுவது போலத் தெரிந்தால், அமைப்புகள் பக்கத்தில் வரைபடத்தின் ஆண்டைப் பாருங்கள். அந்தச் சாலை திறந்த ஆண்டு அதற்குப் பிந்தியதாக இருக்கும்.